தங்கை மகளுக்கு நான் காட்டிய கற்பூரம்

தொண்ணூற்று நாலோ அஞ்சோ, மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து என் தங்கை போய்ச் சேர்ந்தாள். நாலாவது படித்த அவள் மகள் அதைக் கண்ணால் பார்த்தவள். காரியம் முடிந்ததும் பிள்ளையை மந்தைவெளிக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து, பக்கத்துப் பள்ளியில் சேர்த்தேன்.

அவள் அழவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் கற்பூரத் தட்டு வரிசையாக வரும். அதைப் பார்த்ததும் இவள் ஓடுவாளாம். "கொள்ளிவாய்ப் பிசாசு வருதுடி, ஓடு ஓடு" என்று பிள்ளைகள் கேலி வேறு. மூன்றாவது வாரம் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே ஓடிவிட்டாள். ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ஓடினா டி.சி. கொடுத்துடுவேன்மா. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார்.

நான் படித்தது எட்டாவது. எனக்குத் தெரிந்த மருந்து சாமிதான். அன்று சாயங்காலமே எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனேன். ஆரத்தி வந்ததும் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தட்டுக்கு மேலே நீட்டினேன். "ஒத்திக்கோ கண்ணு, ஆத்தா நெருப்பு சுடாது." பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். "விட்டுடும்மா, கொழந்த நடுங்குது" என்றார் பூசாரி. அப்போதும் நான் விடவில்லை. அதன்பிறகு தலைவாரக்கூட என்னிடம் வரவில்லை.

நடந்ததை அவள் வகுப்பு டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் முஸ்லிம். ஆரத்தி நேரத்தில் எப்போதும் வராந்தாவில்தான் நிற்பார். "உங்க பக்தியைத் தப்பு சொல்லலைம்மா. ஆனா புடிச்சுத் தள்ளாதீங்க. எங்க நிக்கிறதுன்னு அவளே சொல்லட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவள் காதருகே குனிந்து, "இப்ப தட்டு வரும். உள்ளே நிக்கிறியா, என்கூட வர்றியா?" என்று கேட்பாராம். இருவரும் வராந்தாத் தூண் பக்கம் போய் நிற்பார்களாம். "சாமி கும்பிடறதுக்கும் இவகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்று தலைமை ஆசிரியை முணுமுணுத்தார். ஆனாலும் பிள்ளை ஓடாததால் டி.சி. பேச்சை எடுக்கவில்லை.

நானும் வீட்டில் விளக்கேற்றும் முன் "ஏத்தப் போறேன்" என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவாள். சாமி குற்றம் ஆகுமோ என்று எனக்குப் பயம்தான். "தாயே, பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஏற்றுவேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பள்ளி வாசலில் என்னைப் பிடித்து, "இன்னிக்கு உள்ளேயே நின்னாம்மா, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளா என்று கேட்க நாக்கின் நுனி வரை வந்தது. கேட்காமல் வாயை மூடிக்கொண்டேன்.