டாலாவுக்கு வந்த யூரோப்புத் தண்ணீர்

பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூன் தமிழர் தேவாலயத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் தேடுவது ஜெசியைத்தான். வண்டி பிடிப்பது, வெளியூர் உறவினரைத் தங்க வைப்பது, சமையல்காரருக்கும் பெண்வீட்டாருக்கும் நடுவில் மூளும் சண்டையைத் தணிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியும் அவள் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஆளு கிடைச்சாரு, நேரந்தான் கிடைக்கல" என்று சிரிப்பாள். தம்பி மைக்கேல் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

பல வருடம் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்தவள். பயணிகள் வருவது நின்றதும் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் கேக் செய்து விற்றாள். அப்போதுதான் டோ மியா கூப்பிட்டு அனுப்பினார். அவர் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய தனியார் ஆய்வகம் நடத்தும் பர்மியப் பெண்மணி. முன்பு தன் பெற்றோரைப் புத்த கயாவுக்கு ஜெசியின் ஏற்பாட்டில்தான் அனுப்பி வைத்திருந்தார்.

"ஐரோப்பாவுல இருந்து ஒரு ஆராய்ச்சித் திட்டம் வந்திருக்கு, ஜெசி. போர்த்துகல், ஃபின்லாந்து, இத்தாலி, வியட்நாம், அப்புறம் நாம. இத்தனை பேரையும் கட்டி மேய்க்க ஒரு ஆள் வேணும்."

"எனக்கு விஞ்ஞானம் ஒண்ணும் தெரியாதே, சயாமா."

"விஞ்ஞானம் எனக்குத் தெரியும். மனுஷங்கள மேய்க்கத்தான் தெரியல."

இருவரும் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். சயாமா என்றால் டீச்சரம்மா. படித்த பெண்களை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள்.

முதல் வாரம் முழுவதும் ஜெசியை ஒரே கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டுவிட்டாள்.

"யாரு சயாமா இந்தப் பணத்தைக் குடுக்கிறது? யாராவது பெரிய பணக்காரரா?"

"இல்ல. இருபத்தேழு நாட்டு ஜனங்களோட வரிப்பணம். எல்லாத்தையும் ஒரு இடத்துல சேர்த்து, ஏழு வருஷத்துக்கு இன்னின்ன ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கி வைக்கிறாங்க. அப்புறம் கேள்வியை அறிவிப்பாங்க. கடலோர ஊருல குடிதண்ணி உப்பாகுதே, என்ன செய்யலாம்? இதுதான் நம்ம கேள்வி. தனியா ஒருத்தர் போய் கேட்க முடியாது. குறைஞ்சது மூணு நாட்டு அமைப்புங்க சேர்ந்து வரணும். நம்மள மாதிரி வெளிநாட்டையும் கூட்டாளியா சேர்த்துக்கலாம். வெளியாளுங்க உக்கார்ந்து மார்க் போடுவாங்க. மார்க் அதிகமா வாங்கினவங்களுக்குப் பணம்."

"மொத்தமாவா?"

"முன்பணம் கொஞ்சம். என்ன கண்டுபிடிச்சோம்னு எழுதிக் குடுத்தா மீதி."

ஜெசி யோசித்தாள். "மாதா கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூல் பண்ற மாதிரி இருக்கே."

"அப்படியே வச்சுக்கயேன். ஆனா இதுல வசூல் குடுத்தவங்க கணக்கும் கேப்பாங்க, பலனும் கேப்பாங்க."

இதைக் கேட்டதும் ஜெசிக்கு வேலையின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. எங்கோ ஒரு ஊரில் பேருந்து ஓட்டுகிறவரும் ரொட்டி சுடுகிறவரும் கட்டிய வரி யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலா குளத்துத் தண்ணீருக்காக வந்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். மைக்கேல் நம்பவே இல்லை.

கூட்டங்கள் எல்லாம் கணினித் திரையில்தான் நடந்தன. ஐரோப்பாவுக்குக் காலை என்றால் யாங்கோனுக்குச் சாயங்காலம். திட்டத்தின் தலைவி ஹெலெனா, போர்த்துகல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். இத்தாலிக்காரர் அதற்கும் மேலே. ஃபின்லாந்திலிருந்து யூஹா என்ற பொறியாளர் வருவார். ஒரு சின்ன கம்பெனி வைத்திருந்தார். தண்ணீரில் உப்பை நீக்கும் கருவியைச் செய்தவர் அவர்தான். அவரோ வாயே திறக்கமாட்டார். "சரி" என்பார், இல்லாவிட்டால் "இல்லை" என்பார். இத்தாலிக்காரருக்கு அது ஆணவமாகப் பட்டது. ஜெசி இருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள். ஒருவரின் குழந்தைகளை விசாரித்தாள், இன்னொருவரின் நாயை விசாரித்தாள். சில மாதத்தில் கூட்டம் தொடங்கும்போது இருவரும் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

யூஹாவின் கருவி சூரிய வெளிச்சத்தில் ஓடும். கோடையில் ஆற்று உப்பு ஏறிக் கரிக்கிற குளத்துத் தண்ணீரை இழுத்து, உப்பை நீக்கி, நல்ல தண்ணீரைத் தொட்டியில் விடும். அதை டாலாவில் ரத்தினம்மாள் வீட்டு வாசலில் வைத்தார்கள். ரத்தினம்மாள் சாயங்காலம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்பவள். புருஷன் அப்பாசாமி சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். தெருவே கூடும் இடம் அந்த வாசல். பொங்கல் வாக்கில் கருவி ஓடத் தொடங்கியது. தெருக்காரர்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். யூரோப்புத் தண்ணி என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள்.

தினமும் தொட்டி காலியாகிவிடும். தண்ணீரைச் சோதித்தால் சுத்தமோ சுத்தம். 'மக்கள் மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறார்கள்' என்று ஜெசி மாதாமாதம் எழுதி அனுப்பினாள்.

சித்திரைக்குக் கொஞ்சம் முன்பு ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் படகேறி டாலாவுக்குப் போனாள். மைக்கேலின் பிள்ளைகளுக்கு அத்தோ வாங்கத்தான் போனாள். வாசலில் ரத்தினம்மாள் குந்தி உட்கார்ந்து, யூரோப்புத் தண்ணீரை அலுமினியத் தொட்டி நிறையப் பிடித்து, லோஞ்ஜி கைலிகளை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் அதே வேலையாக இருந்தாள்.

"என்னக்கா இது, குடிக்கிற தண்ணியில துணி துவைக்கிறீங்க?"

ரத்தினம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "வாம்மா ஜெசி. சோப்பு எப்படி நுரைக்குது பாரு. குளத்துத் தண்ணியில இப்படி வருமா?"

"அப்ப குடிக்க?"

"குடிக்கக் குளத்துத் தண்ணிதான். கரிச்சாலும் பழகின தண்ணி, காய்ச்சிக் குடிக்கிறோம்."

"ஏன்க்கா?"

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத. மழைத்தண்ணின்னா பானையில நின்னு குளிர்ச்சியா எறங்கும். இது அந்தக் கறுப்புத் தொட்டியில கெடந்து வெதுவெதுன்னு வருது. வாயில வச்சா ஒண்ணுமே இல்ல, வெறும் ஈரம். டீ போட்டுக் குடுத்தா இவரு, யாருக்குக் காய்ச்சல், கஞ்சித்தண்ணி குடுக்கிறியேன்னு கேக்குறாரு."

"இத்தனை நாளு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அவ்வளவு தூரத்துல இருந்து குடுத்து விட்டிருக்காங்க. நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது?"

அத்தோ வாங்காமலே ஜெசி திரும்பினாள். சுற்றுலா வேலையில் அவள் கற்ற முதல் பாடமே, எது நடந்தாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான். உண்மையைச் சொன்னால் பணம் நின்றுவிடுமோ, ஆய்வகத்தில் எல்லோருக்கும் வேலை போய்விடுமோ என்று பயந்தாள். அடுத்த வாரம்தான் திட்டத்தின் பாதி வழிப் பரிசீலனை. பணம் கொடுக்கும் அமைப்பு நியமித்த வெளி நிபுணர்கள் இரண்டு பேர் திரையில் வந்து கேள்வி கேட்பார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே டோ மியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லிடு," என்றார்.

"பணத்தை நிறுத்திட்டாங்கன்னா?"

"தெரியல ஜெசி. ஆனா கண்டுபிடிச்சதைச் சொல்லத்தான் நாம பணம் வாங்கியிருக்கோம். இதுவும் கண்டுபிடிச்சதுதானே?"

பரிசீலனை நாளன்று இத்தாலிக்காரர் எண்களைக் காட்டினார், ஹெலெனா படங்களைக் காட்டினார். நிபுணர்களில் ஒருவர், நரைத்த தலை அம்மாள், டாலாவில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "யாரும் குடிக்கவில்லை. துணி துவைக்கிறார்கள்" என்றாள் ஜெசி. என்ன காரணம் என்பதையும், தான் எழுதி அனுப்பியது தவறு என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் திரை இருண்டது.

கோபத்தில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள் என்றே நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. டோ மியா மேலே சுழற்சி குறைந்து நின்றுகொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார். "கரண்டு போயிடுச்சு, ஜெசி."

பாட்டரியை மாட்டித் திரும்ப இணைவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திரை தெளிந்தபோது பேசிக்கொண்டிருந்தது யூஹா. இரண்டு வருடமாக ஒற்றைச் சொல்லில் பேசியவர் நிறுத்தாமல் பேசினார். தொட்டி வெயிலில் நிற்கிறதா? டீக்கு எந்தத் தூள் போடுகிறார்கள்? பால் உண்டா? அந்த அம்மாள் 'ஒண்ணுமே இல்லை' என்று சொன்னது ருசியையா, வாசத்தையா? ஜெசிக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. "நான் வருகிறேன்" என்றார் அவர்.

நிபுணர் அம்மாள் பணத்தை நிறுத்தவில்லை. மீதிக் காலத்தில் கருவியை மாற்றிப் பார்க்கும்படியும், மாற்றியதற்கு என்ன காரணம் என்பதை மறைக்காமல் எழுதும்படியும் சொன்னார்.

மார்கழியில் யூஹா வந்தார். ஐம்பது வயது, ஆறடி உயரம், வெயில் பட்டுச் சிவந்த மூக்கு. டாலாவில் சைக்காவில் உட்கார்ந்தால் கால் தரையில் இழுபட்டது. தொட்டிக்கு மேல் கூரை போட்டார். தண்ணீர் விழும் வழியில் ஒரு குழாயைச் சேர்த்து, அதில் சுண்ணாம்புக்கல் சல்லியை நிரப்பினார். அதன் வழியே போனால் தண்ணீருக்குக் கொஞ்சம் ருசி ஏறும் என்று ஜெசி தமிழில் சொல்லி விளங்க வைத்தாள். கல்லைக் கூட்டியும் குறைத்தும் தண்ணீர் பிடித்தார்கள். ரத்தினம்மாள் டீ போட்டாள். அப்பாசாமி குடித்துப் பார்த்துத் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். அன்று அவர் சவாரிக்கே போகவில்லை.

"இதா?" என்று ஒரு குவளையை நீட்டினாள் ரத்தினம்மாள்.

அப்பாசாமி முழுவதையும் குடித்தார். "இது டீ," என்றார்.

யூஹாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிரித்த சிரிப்பில் மூக்கு இன்னும் சிவந்தது. சாயங்காலம் ரத்தினம்மாள் அவருக்கு அத்தோ பிசைந்து கொடுத்தாள். காரத்தில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டு, "இன்னும்" என்றார். அதுதான் அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல்.

"பாவம் தம்பி, ஊருல சோறு போட ஆளில்ல போல," என்றாள் ரத்தினம்மாள்.

அடுத்த கோடையில் தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. நடந்தது எல்லாவற்றையும், துணி துவைத்தது உட்பட, கட்டுரையாக எழுதி யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டார்கள். எழுதியவர்கள் வரிசையில் ஜெசியின் பெயர் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஹெலெனா. நன்றி சொல்லும் இடத்தில் ரத்தினம்மாள், அப்பாசாமி பெயர்களும் இருந்தன. அப்பாசாமி அந்தப் பக்கத்தைச் சைக்காவின் இருக்கைக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொண்டார்.

திட்டம் முடிந்தது. கருவியைத் தெருவிடமே விட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோக ஹெலெனா புது விண்ணப்பம் போட்டார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பதில் வந்தது: கிடைக்கவில்லை. அன்று ஜெசி டாலாவுக்குப் போய் ரத்தினம்மாளிடம்தான் அழுதாள்.

"எத்தனை மார்க்கும்மா போட்டாங்க?"

"பதினஞ்சுக்குப் பதிமூணரை."

ரத்தினம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எம்மக அப்படி வாங்கினா தெருவுக்கே மிட்டாய் குடுப்பேன். அதுவா ஃபெயிலு?"

"பாஸுதான்க்கா. ஆனா பாஸானவங்க எல்லாருக்கும் குடுக்க அவங்ககிட்ட பணம் இல்ல. நமக்கு மேல பதினாலு வாங்கினவங்க இருக்காங்க."

"அவங்க என்ன பண்றாங்களாம்?"

"தெரியலக்கா. மருந்தோ, கரண்டு எடுக்கிற காத்தாடியோ, ஏதாவது நல்லதாத்தான் இருக்கும்."

"அப்ப சரி. அழாத. திரும்ப எழுது."

திரும்ப எழுதினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆய்வகம் பாதியாகச் சுருங்கியது. ஜெசி காலையில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் நின்றாள். மத்தியானத்துக்கு மேல் சம்பளம் இல்லாமலே டோ மியாவோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்தினாள். மக்களிடம் முதல் நாளிலிருந்தே கேட்பது எப்படி என்ற பகுதியை ஹெலெனா முழுக்க அவள் கையிலேயே விட்டுவிட்டார். மறு வருடம் பணம் கிடைத்தது. தொகை சிறியது. யாங்கோனுக்கு வந்த பங்கு அதைவிடச் சிறியது. ஆனால் டாலாவைப் போலவே தண்ணீர் கரிக்கும் கியாக்தான் ஊரில் ஒரு கருவி வைக்கலாம்.

முதல் நாள் கியாக்தானுக்குப் போகும்போது ரத்தினம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். மீனவப் பெண்கள் ஒரு மாமரத்தடியில் கூடியிருந்தார்கள். ரத்தினம்மாள் தன் டாலா பர்மிய மொழியில் எடுத்த எடுப்பிலேயே, "எங்க தெருவுல முதல்ல இதுல துணிதான் துவைச்சோம்" என்று தொடங்கினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு கேள்விகள் ஓயவில்லை. ஙப்பி என்கிற மீன் விழுது போட்ட மீன்குழம்புக்கு இந்தத் தண்ணீர் சரிப்படுமா என்று ஒருத்தி கேட்டாள். அது யாருக்கும் தெரியவில்லை. ஜெசி எழுதிக்கொண்டாள்.

திரும்பும் பேருந்தில் ரத்தினம்மாள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஜெசி அசையாமல், ஒற்றைக் கையால் போனை எடுத்து ஹெலெனாவுக்கும் யூஹாவுக்கும் அந்த மீன்குழம்புக் கேள்வியை அனுப்பினாள்.