வெள்ளிக்கிழமைக் காசு

அகப்பைக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போகிறாள் சுபாஜினி. மற்றக் கையில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீர். 'டக்' என்று கேட்டால் சுவர் சுகமாக இருக்கிறது. 'டொக்' என்று கேட்டால் சாந்து கல்லைக் கைவிட்டுவிட்டது. 'டொக்' கேட்ட இடத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் போட்டுப் போட்டு அவளுடைய விறாந்தைச் சுவர் அம்மை கண்ட பிள்ளையின் முதுகு மாதிரி ஆகிவிட்டது.

மேசன் கொலின்ஸ் குருநகரிலிருந்து வேலைக்கு வந்து இறங்கியதும் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

"என்னக்கா, உது ராவுக்கு ராவு குட்டி போடுதோ?"

"வீடு கதைக்குது தம்பி. உமக்குக் கேக்கேல்லை எண்டா நான் என்ன செய்ய?"

அச்சுவேலிப் பக்கம் சுபாஜினி என்று விசாரித்தால் இரண்டு மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். 'தூள் சுபா' என்றால் ஒரே வீடுதான். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தாச்சியில் வறுத்து, மில்லில் அரைப்பித்து, பொதி பண்ணிக் கொடுப்பது அவளுடைய தொழில். கனடாவுக்கும் லண்டனுக்கும் பயணம் போகிறவர்களின் பெட்டிகளில் அவளுடைய தூள் இல்லாமல் இருப்பது அரிது. குசினி திருத்தத்துக்குப் போன காலத்தில் முற்றத்தில் தகரம் கட்டி அங்கே வறுக்கத் தொடங்கியவள், குசினி முடிந்த பிறகும் உள்ளே வரவில்லை. புதுச் சுவரில் புகை படியக்கூடாதாம். ஆகவே சாரத்தில் நிற்கிற கொலின்ஸ் ஒரு வரிக் கல் வைப்பதற்குள் பத்துத் தரம் தும்முவான்.

அது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. தகப்பன் கட்டியது. ஒழுக்குக்கு ஒரு ஓடு மாற்றலாம் என்று மேலே ஏறிய அன்றுதான் தெரிந்தது, கூரையைத் தாங்குகிற வளை மரம் முழுவதும் கறையான். கை வைத்தால் மா மாதிரிக் கொட்டியது. அன்று தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. "ஒரு ஓடு மாத்தத்தான் ஏறினது. இப்ப வீடே மாறுது" என்பாள். இரண்டு அறையும் குசினியும் தேறிவிட்டன. நடு ஹோலுக்குச் சுவர் மட்டும் நிற்கிறது. மேலே பீமும் இல்லை, கூரையும் இல்லை, நீலத் தறப்பாள் ஒன்றுதான். ஹோலில் இருந்த சாமான்கள் எல்லாம் அறைகளுக்குள் ஏறியிருப்பதால், குளிர்சாதனப் பெட்டிக்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் கதிரை போட்டு மகள் ஆரபி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

ஆரோடு கதைத்தாலும் சுபாஜினியின் கை சும்மா இராது. பழைய மரத்தில் கழற்றிய ஆணிகளைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டே கதைப்பாள். அரைக் கல்லைக்கூட எறிய விடமாட்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முகங்களைப் பார்க்குமுன் முகட்டைப் பார்ப்பாள். அவளுடைய புருசன் பிரகலாதன் ஓட்டோ ஓடுகிறான், வாய்க்காரன். ஒரு செத்த வீட்டுக் கதையை ஓட்டோவில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லுவான்: "பிரேதத்தைக் கட்டிப்பிடிச்சுக் குழறிப்போட்டு, மூக்கைத் துடைச்சுக்கொண்டு, 'மாமி, உந்த வளை தேக்கோ?' எண்டு கேட்டவள் கண்டியளோ!"

அவள் மறுப்பதில்லை. "ஓம், தேக்குத்தான். அதுதான் நிண்டு பிடிச்சிருக்கு" என்பாள்.

கூரை மரம் வாங்க அவளிடம் இருந்தது வீட்டுக்குப் பின்னாலுள்ள செம்பாட்டு மண் தோட்டம் ஒன்றுதான். அதை ஆழ்வாப்பிள்ளையிடம் ஒற்றி வைத்தாள். ஒற்றிக் காசுக்கு வட்டி கிடையாது. காசு கொடுத்தவர் காணியில் விளைவதை எடுத்துக்கொள்வார், அதுவே வட்டி. மீட்பதென்றால் ஒரு பயிரைப் பிடுங்கி மறு பயிர் வைப்பதற்கு இடையில் முழுக் காசையும் அவருடைய கையில் கொடுத்துவிட வேண்டும். காசு கைக்குப் போனால் காணி அந்த இடத்திலேயே மீண்டதாகக் கணக்கு. உறுதி எழுத நொத்தாரிசிடம் பிறகு போகலாம். விதை மண்ணில் விழுந்துவிட்டாலோ அந்தப் போகம் முழுவதும் ஒற்றிக்காரருடையது. அயலில் எல்லோரும் ஏற்று நடக்கிற வழக்கு இது. போன தடவை சுபாஜினி காசைச் சேர்த்துக்கொண்டு வந்த நேரம் அறைச் சுவரில் வெடிப்புக் கண்டது. காசு சுவருக்குள் போயிற்று. காணிக்குள் வெங்காயம் போயிற்று.

ஆழ்வாப்பிள்ளை கெட்ட மனிதர் அல்லர். மருந்தடிக்கிற நாட்களில் "பிள்ளை, கொடியிலை காயிற உடுப்பை எடும்" என்று வேலிக்கு மேலால் குரல் கொடுக்கிறவர். செய்வதற்கு அவருக்கு வேறு காணி இல்லை என்பதுதான் சிக்கல்.

"கல்லுப் பொறுக்கி, எருத் தாட்டு, பிள்ளை வளக்கிற மாதிரி வளத்தனான்" என்பார்.

"வளத்தது நீங்கள்தான் அண்ணை. பெத்தது என்ரை அப்பா" என்பாள் இவள்.

காணியை விடவும் அவளை வாட்டியது கிணறு. அதுவும் தோட்டத்துக்குள் நிற்பதால் ஒற்றியோடு போய்விட்டது. குடிக்கக் குளிக்க அள்ளுவதற்குத் தடையில்லை. ஆனால் வெங்காயத்துக்கு மோட்டர் போட்டால் கிணற்றின் அடி தெரியும். கொலின்ஸ் சாந்து குழைக்கத் தண்ணீர் இல்லாமல் பீடி பற்றிக்கொண்டு குந்தியிருப்பான். சம்பளம் மட்டும் நடக்கும். குசினித் தட்டுக்குக் கொங்கிறீட் போட்ட கிழமையில் நனைக்கத் தண்ணீர் போதாமல் மயிரளவு வெடிப்பொன்று ஓடிவிட்டது. அந்த வெடிப்பை அவள் விரலால் தடவுவதைப் பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். "என்ரை கிணத்துத் தண்ணிக்கு நான் வரிசையிலை நிக்கிறன்" என்று ஒரு தரம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

இந்த ஐப்பசியில் அவளுடைய சீட்டு விழுந்தது. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கி மண் வெறுமையாகக் கிடந்தது. வானத்தில் மழையும் கட்டிக்கொண்டு நின்றது. ஒரே காசுக்கு இரண்டு வாய்.

"முதல் பீமைப் போட்டுக் கூரையை மூடுவம்" என்றான் பிரகலாதன். "மழை அடிச்சா அந்த மொட்டைச் சுவர் ஊறி விழும். காணி எங்கை ஓடப் போகுது?"

"காணி ஓடாது. அதுக்கை நிக்கிறவரும் ஓடமாட்டார். அதுதான் என்ரை பயம்."

"சுவர் விழுந்தா?"

"விழுந்தாத் தண்ணி விட்டுக் குழைச்சுத் திருப்பிக் கட்டலாம். தண்ணி ஆரிட்டை இருக்கு?"

பிரகலாதன் தறப்பாளின் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டப் போய்விட்டான்.

சீட்டுக் காசு கைக்கு வந்தது வியாழன் பின்னேரம். வீடு வந்து சேர விளக்கு வைத்தாயிற்று. விளக்கு வைத்த பிறகு காசு வாசலைத் தாண்டக்கூடாது. மறுநாள் வெள்ளி, வெள்ளிக்கிழமை காசு கொடுத்தால் லட்சுமியும் அதோடு புறப்பட்டுவிடுவாள் என்பது தாய் வீட்டிலிருந்து அவளோடு வந்த நம்பிக்கை. கடைக்குக்கூட வெள்ளியில் கடன் தீர்த்தவள் அல்லள். ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். வேலியடிக்குப் போய், "அண்ணை, காசு வந்திட்டுது. சனி விடியக் கொண்டு வாறன், காணியை மீக்கப் போறன்" என்று முறையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஓம் பிள்ளை, பாப்பம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

வெள்ளி காலை அவள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் லான்ட்மாஸ்டர் உறுமிற்று. அகப்பையும் கையுமாக ஓடிப்போய்ப் பார்த்தாள். உழவு மிசின் தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. தலையில் துவாய் கட்டிய ஆழ்வாப்பிள்ளை இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்தபோது தாச்சியில் மிளகாய் கரிந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவள் கையால் ஒரு தாச்சி கரிந்தது அன்றுதான். வீடு முழுக்க இருமல்.

புத்தகத்தோடு வெளியே வந்த ஆரபி கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, அந்தாள் வெள்ளிக்கிழமையிலை உழுறார். நீங்கள் வெள்ளிக்கிழமையிலை குடுக்க மாட்டியளோ?"

"உழுறது வேறை, குடுக்கிறது வேறை."

"நாளைக்கு விதையும் போட்டிடுவார். பேந்து என்ன செய்வியள்?"

பிரகலாதனுக்குப் பொறுமை போய்விட்டது. "இண்டைக்கே கொண்டுபோய்க் குடுத்துத் துலையும். இல்லையெண்டா அந்தக் காசைக் கொலின்ஸிட்டைக் குடும், பீமையாவது போடட்டும். ரெண்டும் இல்லாமல் பெட்டிக்கை வைச்சுப் பூசை செய்யிறீரோ?"

சாரத்தின் மேலிருந்து கொலின்ஸ் தும்மி முடித்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நான் வேதக்காரன். எனக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் விலக்கு, காசு விலக்கில்லை. என்னட்டைத் தாங்கோ, ஒரு பாவமும் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். சுபாஜினி கரிந்த மிளகாயைக் குப்பையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"கூரையில்லாத வீட்டிலை லட்சுமி ஒருத்திதான் மிச்சம். அவளையும் அனுப்பிப்போட்டு நான் ஆரோடை இருக்கிறது?"

அன்று முழுக்க அவள் சுவர்களைத் தட்டினாள். தட்டிய சுவரையே திரும்பத் தட்டினாள். வட்டம் போட மறந்தாள். பின்னேரம் தூறல் விழுந்தது. தறப்பாளின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொந்தி போட்டது. விளக்குமாற்றுத் தடியால் அதைக் குத்தி நிமிர்த்தித் தண்ணீரை வெளியே வடிய விட்டவள், வேலிப்பக்கம் போகவே இல்லை. போனால் வாய் ஏதாவது சொல்லிவிடும் என்று பயந்தாள்.

சனி விடிந்தும் விடியாமலும் தலைக்கு வார்த்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த காசுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். ஆட்கள் அவளுக்கு முந்தி வந்துவிட்டார்கள். பாத்தி கட்டியாயிற்று. கடகங்களில் விதை வெங்காயம் நிறைந்து கிடந்தது. நடுகைக்கு வந்த பெண்கள், தங்களைக் கூட்டிக்கொண்டு வந்த கமலாவதியின் பின்னால் வரிசையாகக் குந்தத் தொடங்கியிருந்தார்கள். வேலியடியில் பிரகலாதனும் கொலின்ஸும் வந்து நின்றார்கள்.

"அண்ணை, காசு."

ஆழ்வாப்பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிந்திப் போச்சே பிள்ளை. விதை வந்திட்டுது."

"வந்தது கடகத்துக்கை. மண்ணுக்கை இன்னும் விழேல்லை."

"உழுத கூலி? டீசல்? ஆக்களின்ரை சம்பளம்?"

"உழவுக்கும் இவையின்ரை நாட்சம்பளத்துக்கும் சேத்துத்தான் கொண்டு வந்தனான்."

"பாத்தி கட்டின காணியிலை ஒற்றி மீட்டதை நான் கேள்விப்படேல்லை."

"வியாழக்கிழமையே சொன்னனான் அண்ணை. சொல்லிப்போட்டு வாறவளுக்கு முந்தி மிசினை இறக்கினதையும் நான் கேள்விப்படேல்லை."

குந்தியிருந்த கமலாவதி எழுந்து நின்றாள். "அண்ணை, உங்கடை வழக்கு முடியட்டும். பேந்து நடுவம். நாளைக்கு அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலைதான் நாங்கள் தூள் வாங்கவேணும்."

பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளையின் முகம் இறுகியது. அவர் சட்டென்று குனிந்தார். கடகத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, பக்கத்துப் பாத்தியில் பெருவிரலால் அழுத்திப் புதைத்தார். நிமிர்ந்து கையைத் தட்டினார்.

"இந்தா, விழுந்திட்டுது. எல்லாரும் கண்டனியள்தானே? இனி அறுவடைக்குப் பிறகு பாப்பம் பிள்ளை."

வேலியடியில் பிரகலாதன் வாயைத் திறந்தான். கொலின்ஸ் அவனுடைய தோளைப் பிடித்தான். காற்றில் தறப்பாள் படபடத்தது.

சுபாஜினி செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டாள். பாத்திக்குள் இறங்கிக் குந்தினாள். இரண்டு விரலால் மண்ணைக் கிளறி அந்த வெங்காயத்தை வெளியே எடுத்தாள். அதன் முளை மூக்கு உடையாமல் ஊதி ஊதி மண்ணைப் போக்கினாள். சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நல்ல விதையண்ணை. பழுதாக்கக்கூடாது, பிடியுங்கோ" என்று நீட்டினாள்.

தோட்டக்காரனின் கை, விதைக்குத் தானாக முன்னால் வந்தது. அந்த உள்ளங்கையில் வெங்காயத்தை வைத்தாள். அது விலகுமுன் காசுப் பொட்டலத்தை அதன் மேல் வைத்தாள். பிறகு, எல்லோரும் பார்த்திருக்க, மண் காய்ந்த அந்த முரட்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே மடித்துவிட்டாள்.