தீபத்துக்காகக் கழுவிய வீடு

வேப்பம்பட்டில் ரயில் பாதைக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. கணவர் போன பிறகு நான் மட்டும்தான் இருக்கிறேன், மகள் மஸ்கட்டில். சென்ற மழைக்கு ஏரித் தண்ணீர் கூடத்தில் இடுப்பளவு நின்றது. மாடி அறைக்கு ஏறிவிட்டதால் பிழைத்தேன்.

வீட்டுக்கும் சாமான்களுக்கும் சேர்த்தே இன்சூரன்ஸ் போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் கம்பெனிக்குச் சொல்லியும் விட்டேன். ஆனால் கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. சேறு கிடக்கும் வீட்டில் எப்படி விளக்கேற்றுவது? ஊறிய மெத்தை, பிரிட்ஜ், மிக்சி எல்லாவற்றையும் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிட்டு, வீட்டைக் கழுவிக் கோலம் போட்டேன்.

தீபத்துக்கு மறுநாள்தான் சேதம் பார்க்க சர்வேயர் வந்தார்.

"இன்னாமா, ஊடு பளிச்சுனு இருக்குது. நான் இன்னாத்தப் பாத்து எழுதறது? கழுவறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எதுனா இருக்குதா?"

செல்போனில் தேடினேன். மகள் அனுப்பிய பேரன் படங்களும், யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்களும்தான் இருந்தன. என் வீட்டை நான் படமெடுத்ததே இல்லை. எடுத்து யாருக்குக் காட்ட? சுவர் விரிசலுக்குப் பணம் வந்தது, சாமான்களுக்கு வரவில்லை.

இந்த வருடம் ஐப்பசிக்கு முன்பே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளம் வந்தால், சர்வேயர் பார்க்கும்வரை துடைப்பத்தைத் தொடுவதில்லை என்றும் இருக்கிறேன்.

"ஒண்ணுலயும் நீ இல்லியேமா" என்றாள் மகள். பீரோ கண்ணாடி முன் நின்று இன்னொன்று எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"இன்னாமா, இப்டி எளச்சிட்ட?"