ஒவ்வொரு வாரமும் ஒரு சைஸ்

கட்டுகஸ்தோட்டையில் நான் நடத்தும் போட்டோக்கொப்பி கடைக்கு வாராவாரம் ஒருவர் வருவார். மஹய்யாவக்காரர், பாடசாலை வேன் ஓட்டுபவர். நரைத்த மீசை, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. வேனில் பிள்ளைகள் பேசுவதையெல்லாம் தன் வலைப்பூவில் எழுதுவார். பாடசாலை விடும்வரை கடைக் கணினியில் என்னோடு உட்கார்ந்து அதன் தோற்றத்தைத் திருத்துவார்.

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தாதீங்க தம்பி. வர்றவங்க வேற வீட்டுக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போயிருவாங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும்."

முதலில் ஓரத்துப் பூப்படத்தை எடுத்தோம். பிறகு பின்னணியை வெள்ளையாக்கினோம். அதற்குப் பிறகு வாராவாரம் எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும்தான் வேலை. பார்க்குமுன் கணினித் திரையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைப்பார். திரை சுத்தமாகத்தான் இருக்கும்.

ஒருநாள் கேட்டேன்: "அண்ணே, இப்ப வரிக்கு மூணு சொல்லுதான் நிக்குது. வாசிக்கிறவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வாசிக்கிறது நான் மட்டும்தானே" என்றார்.

மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "கண்ணை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா வேன் ஓட்டக் கூடாதுன்னுவாரு. ரோடு எனக்கு மனப்பாடம் தம்பி. நீங்க இன்னும் ஒரு சைஸ் கூட்டுங்க."

கூட்டிக் கொடுத்தேன். மேசையைத் தடவிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வேன் நிறையப் பிள்ளைகளோடு கடையைத் தாண்டிப் போனார். வேன் ரோட்டுக் கோடியிலுள்ள பாலத்தைத் தாண்டும்வரை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து என் வேலையைப் பார்த்தேன்.