ஒப்புக்குச் சப்பாணி

கடையில் அவருக்கு ‘விளையாட்டுப் பிள்ளை’ என்று பெயர். வைத்தவர் முதலாளி. முன்மண்டையில் முடி கொட்டி, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வரும் மனிதரை அப்படிக் கூப்பிடுவதில் முதலாளிக்கு ஒரு தனி ருசி. ஆனால் பெயரில் பொய்யில்லை. பொம்மைக் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, நாள் முழுக்க விளையாடிக் காட்டுவதுதான் அவர் வேலை. சோப்புக் குமிழி ஊதுவார். சாவி கொடுத்த நாயைக் குட்டிக்கரணம் அடிக்க விடுவார். பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்துவார். அத்தனையும் சிரித்துக்கொண்டே செய்ய வேண்டும்.

“உனக்கென்னப்பா, அவனவன் முதுகெலும்பு ஒடிய உழைக்கிறான். நீ விளையாடிச் சம்பளம் வாங்குற” என்பார் முதலாளி.

“கொடுத்துவெச்சவன்ங்க நான்” என்பார் இவர். சொல்லும்போதும் சிரிப்பு கலையாது. சாயங்காலம் ஆனால், காலையிலிருந்து எதையோ மென்றுகொண்டே இருந்ததுபோலக் கன்னம் இரண்டும் வலிக்கும்.

இதற்கு முன்னால் செருப்புக் கடையில் இருந்தார். யார் யார் காலுக்கோ மண்டி போட்டு மண்டி போட்டுத் தேய்ந்த மூட்டு அது. மண்டி போடாத வேலை என்றுதான் இதற்கு மாறினார். இங்கே உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

வாசலில் ஒரு மேசை உண்டு. அதில் தாவும் தவளை, காந்தத் தூண்டில், விரலால் சுண்டும் கால்பந்து. எந்தப் பிள்ளை வந்தாலும் அவரோடு ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம். ஆட்டத்துக்கு முதலாளி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கடைக்காரன் தோற்க வேண்டும்.

“ஜெயிச்ச புள்ள, வாங்கிக் குடுன்னு அழும். தோத்த புள்ள, வீட்டுக்குப் போலாம்னு அழும். எது நமக்கு நல்லது?”

எடுத்த எடுப்பில் தோற்றாலும் சரிவராது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். கடைசிவரைக்கும் விடாமல் வந்து, நெற்றியைச் சுருக்கி, மயிரிழையில் கோட்டை விட்டு, “அடடா!” என்று தொடையில் தட்ட வேண்டும். அந்த ‘அடடா’வில் அவர் கைதேர்ந்துபோனார். கல்லாவில் உட்காரும் அக்காவே, “உங்க அடடாவுக்குத் தனியா ஒரு கமிஷன் போட்டுக் குடுக்கணும்” என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் மகள் காத்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் வகுப்பு. செருப்பைக் கழற்றுவதற்குள், “அப்பா, விளையாடலாம்” என்பாள். இட்லி சுட்டவனை இட்லி தின்னக் கூப்பிட்டதுபோல இருக்கும் அவருக்கு. மாட்டேன் என்று சொல்ல மனம் வராது. அதனால் படுத்துக்கொண்டே ஆடக்கூடிய ஆட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். டாக்டர் விளையாட்டு என்றால் அவர் நோயாளி. பஸ் விளையாட்டு என்றால் தூங்கும் பயணி.

“சார், ஸ்டாப் வந்துருச்சு. எழுந்திருங்க!”

“நான் கடைசி ஸ்டாப்மா. அங்க வந்ததும் எழுப்பு.”

படுக்க முடியாத ஆட்டம் ஒன்று உண்டு. கல்லா மண்ணா. கட்டில், நாற்காலி, டிரங்குப் பெட்டி எல்லாம் கல். வெறும் தரை மண். பிடிக்கிறவர் மண்ணில் அலைவார். மற்றவர்கள் கல்லுக்குக் கல் தாவ வேண்டும். மண்ணில் கால் பட்டபோது தொட்டுவிட்டால் அவுட், அடுத்து அவர் பிடிக்க வேண்டும். இதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் தாவுவதுபோலத் தாவி, ஒரு காலை நைசாகத் தரையில் ஊன்றி, “அடடா!” என்பார். தோற்றுவிட்டேன் என்று அத்தோடு ஆட்டத்தை முடித்துவிடுவார். பிள்ளைக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு கடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பெண் விளையாட வந்திருந்தாள். மகள் வயதுதான், குண்டுமணி என்று கூப்பிடுவார்கள். மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தையல் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கல்லா மண்ணா தொடங்கியது. வழக்கம்போல இவர் ஒரு காலைத் தரையில் வைத்தார். பிடித்துக்கொண்டிருந்த குண்டுமணி ஓடி வந்தாள்.

“ஏய், அவரைத் தொடாத!” என்று மகள் கட்டில் மேலிருந்து கத்தினாள். “அப்பா ஒப்புக்குச் சப்பாணி.”

குண்டுமணி தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஓடத் தெரியாத வாண்டுகள் அழக் கூடாது என்று ஆட்டத்தில் பேருக்குச் சேர்த்துக்கொள்வார்கள் அல்லவா, அந்தப் பட்டம். ஒப்புக்குச் சப்பாணி மண்ணில் நடக்கலாம், கல்லில் உட்காரலாம், அவுட்டே கிடையாது. யாரும் துரத்தவும் மாட்டார்கள். அதுவரை அந்தப் பட்டம் குண்டுமணியின் தம்பியிடம் இருந்தது. அவனுக்கு இன்னும் பால்பல் முழுசாக முளைக்கவில்லை.

முதலில் அவருக்கு அது வரம் கிடைத்தமாதிரிதான் இருந்தது. தண்ணீர் குடித்தார். தரையிலேயே காலை நீட்டிப் படுத்தார். பிள்ளைகள் வழியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதுபோல அவரைத் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள். கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. தலைக்கு மேலே கூச்சலும் சிரிப்புமாக ஒரு உலகம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவருக்கும் அவர் தேவைப்படவில்லை.

மகள் மூச்சு வாங்கப் பெட்டி மேல் உட்கார்ந்தபோது கேட்டார்.

“ஏம்மா, அப்பாவை எதுக்குச் சப்பாணியாக்குன?”

“நீ வேணும்னே தோக்குற.”

“யாரு சொன்னா?”

“அடடான்னு சொல்றியே. அன்னைக்குக் கடைக்கு வந்தப்போ பாத்தேன். வர்ற பசங்ககிட்ட எல்லாம் அதே அடடா. அவங்க நம்பிட்டாங்க. எனக்குத் தெரியும்.”

கோபமே இல்லை அவள் குரலில். மழை வருது என்பதுபோலச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஜன்னலோரம் மனைவி நூலைப் பல்லால் கடித்தாள்.

முகம் தெரியாத பிள்ளைகளுக்கு வாசலில் நின்று விற்றதையே, சூடு ஆறியபின் இவளுக்கும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இனிமேல் டாக்டருக்கும் பஸ்ஸுக்கும்கூட இவள் கூப்பிடமாட்டாள் என்று தோன்றியது. கூப்பிடாமல் இருந்தால் நிம்மதி என்று எத்தனையோ சாயங்காலம் நினைத்திருக்கிறார்.

எழுந்து உட்கார்ந்தார்.

“என்னையும் ஆட்டத்துல சேத்துக்கோ.”

“சேத்துத்தானே இருக்கேன்?”

“நிஜமா சேத்துக்கோ.”

இரண்டு தலைகளும் ஒன்றுகூடிக் கிசுகிசுத்தன. குண்டுமணிதான் தீர்ப்பைச் சொன்னாள். “சரி அங்கிள். ஆனா அடடா சொன்னீங்கன்னா திரும்பவும் சப்பாணிதான்.”

கட்டிலில் ஏறினார். மூட்டு இரண்டும் மாறி மாறிச் சொடுக்கின. மகள் பிடிக்கிறவள். கீழே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் குண்டுமணி பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் தாவினார். பெட்டி ‘டமார்’ என்றது. சமாளித்து நிற்பதற்குள் முதுகில் ஒரு அடி.

“அவுட்டு!”

“எங்க அவுட்டு? கால் பெட்டி மேல இருக்கு, பாரு!”

“குதிகால் மண்ணுல பட்டுச்சு!”

“படல.”

“பட்டுச்சு அங்கிள்.”

“உனக்கு அங்கிருந்து எப்படிம்மா தெரியும்? படலன்னா படல!”

“பட்டுச்சுங்க. நான் பாத்தேன்” என்றாள் மனைவி.

“நீ பொத்தானைப் பாரு!”

தன் குரல்தான் அது என்று நம்ப அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. கன்னம் தளர்ந்து அதன் இடத்தில் கிடந்தது. பிள்ளை பயந்திருப்பாளோ என்று பார்த்தார்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். கண் பளபளத்தது.

“அப்பா அழுகுணி! அழுகுணி ஆட்டம் ஆடுது அப்பா!”

“அழுகுணி, அழுகுணி!” என்று குண்டுமணி கட்டிலில் குதித்தாள்.

ஒப்புக்குச் சப்பாணியை யாரும் அழுகுணி என்று திட்டமாட்டார்கள். அந்தத் திட்டு வாங்க ஆட்டத்தில் இருக்க வேண்டும். அவர் பெட்டியில் நின்றபடியே தன் குதிகாலைக் குனிந்து பார்த்தார். தூசி ஒட்டியிருந்தது.

“சரி. பட்டுச்சு” என்றார்.

பெட்டியிலிருந்து மண்ணில் இறங்கினார். மூச்சு இரைத்தது. முட்டிக்குள் நெருப்பு வைத்தாற்போல இருந்தது. நாளைக்கு இந்தக் காலோடு வாசலில் நின்றாக வேண்டும். அதற்குள் பிள்ளைகள் இருவரும் கட்டிலில் ஏறிக்கொண்டு கூப்பாடு போட்டார்கள்.

“கல்லா? மண்ணா?”

“மண்ணு” என்று சொல்லிவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜன்னலோரம் மனைவி, தலை நிமிராமல், மடியில் கிடந்த சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் மெல்ல நாற்காலிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.