தொலைபேசியில் பார்த்த காயம்

எங்கள் மகனுக்கு இரண்டரை வயதில் வலது கவட்டில் குடலிறக்கம் என்று கனடாவில், மொன்றியலில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆறு வாரங்களுக்குப் பிறகான பரிசோதனை தொலைபேசியிலேயே நடந்தது. காயம் காய்ந்துவிட்டதா, காய்ச்சல் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். பதில் சொன்னேன், நன்றியும் சொன்னேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தை மாதம் குளிப்பாட்டும்போது விதைப்பையின் வலது பக்கம் வெறுமையாக இருந்ததைக் கண்டேன்.

"குளிருக்கு மேல ஏறியிருக்கும். உந்த விசயத்தை ஊரெல்லாம் கதைச்சுத் திரியாதை," என்றார் என் கணவர்.

"சுடுதண்ணிக்குள்ள நிக்கிற பிள்ளைக்கு என்னப்பா குளிர்?"

கேட்டேனே தவிர, வெட்கத்தில் நானும் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் எனக்கு என்மீதே கோபம்.

கடைசியில் மகனை நேரில் கொண்டுபோனேன்; தொலைபேசியில் பேசிய அதே மருத்துவர் தொட்டுப் பார்த்தார். விதை தழும்போடு ஒட்டி மேலே இழுபட்டிருக்கிறது, மறுபடி வெட்டித்தான் இறக்க வேண்டும் என்றார்.

"சில பிள்ளைகளுக்கு இப்படி நடப்பதுண்டு. அறுவைக்கு முன் நீங்கள் கையெழுத்திட்ட சம்மதத் தாளிலும் இருக்கிறது."

"நடக்கும் என்று தெரிந்திருந்தால், தொலைபேசியில் எதைப் பார்த்தீர்கள்?"

அவர் கணினித் திரையைப் பார்த்தார்.

இரண்டாவது அறுவை முடிந்தது. அந்த விதை சரியாக வளருமா என்று இன்னும் தெரியவில்லை. தொலைபேசிப் பரிசோதனைக்கு இப்போது நான் சம்மதிப்பதில்லை. போன வாரம் ஓர் இளம் மருத்துவர் இடுப்புப் பட்டியைச் சற்று விலக்கித் தழும்பை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். மகனின் காற்சட்டையை நானே முழுவதும் இறக்கினேன்.

"இரண்டு பக்கமும் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு போகிறோம்," என்றேன்.