சந்தனம் வைத்த எஞ்சின்

1. புதுச்சேரி டவுனில் ஒரு பழைய சாமான் கடையில், அட்டைப் பெட்டிக்குள், நிஜ நீராவியில் ஓடும் சின்ன ரயில் எஞ்சின் ஒன்றைப் பார்த்தேன். முழங்கை நீளம். கூடவே துண்டு துண்டாகத் தண்டவாளம். வாங்கினேன்.
2. ஓடவில்லை.
3. பிரித்தேன், சுத்தம் செய்தேன், பூட்டினேன். நீராவி வந்தது.
4. மொட்டை மாடியில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டேன். மாடி சாய்வாக இருந்தது. பாதிச் சுற்றிலேயே எஞ்சின் நின்றது.
5. மாடி சாய்வாக இருப்பதுதான் சரி என்றார் அப்பா.
6. அம்மா கெடு வைத்தாள். ஆயுத பூஜை அன்று முழுசாக ஒரு சுற்று வந்தால் தண்டவாளம் மாடியில் இருக்கலாம். வராவிட்டால் எல்லாம் பரணுக்கு.
7. அன்று சாயங்காலம் நாலே முக்காலுக்கு, எஞ்சினுக்குள் நெருப்பு மஞ்சளாக எரிந்தது.

நீலமாக எரிய வேண்டும். கேஸ் அடுப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். மஞ்சள் என்றால் காற்று போதவில்லை. கரி படியும், சூடு ஏறாது, தண்ணீர் கொதிக்காது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் அதற்கு முன்னால் மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு வில்லியனூருக்கு வெளியே, ரயில் பாதையிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிறது. அப்பா கட்டட மேஸ்திரி. வீட்டை அவரே கட்டினார். நான் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பராமரிப்பில் இன்ஜினியராக இருக்கிறேன். அங்கே உள்ள பாய்லர் எங்கள் வீட்டு ஹாலைவிடப் பெரியது. ஆனால் நான் பார்ப்பதெல்லாம் திரையில் மாறிக்கொண்டிருக்கும் எண்கள்தான். நீராவி எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதைக் குழாய்களின் மேல் எழுதியிருக்கும் அம்புக்குறிதான் சொல்லும். இந்தச் சின்ன எஞ்சினில் எல்லாம் கண்முன்னால் நடக்கும். தண்ணீரை நானே ஊற்றுவேன், நெருப்பை நானே வைப்பேன், ஐந்தாவது நிமிடம் ஒரு விரல் நீளக் கம்பி முன்னும் பின்னும் போய்வர ஆரம்பிக்கும். படித்ததெல்லாம் உண்மைதான் என்று அப்போது தோன்றும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் வாங்கினேன்.

வாங்கியவுடன் நெருப்பு வைத்துவிடவில்லை. பாய்லரில் தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தேன். வேலையில் செய்வதுதான், அளவு மட்டும் சின்னது. முள் இறங்கியது. தண்ணீர் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. சூடு தாங்கும் புது வளையம் போட்டேன். பாதுகாப்பு வால்வில் சுண்ணாம்பு படிந்து ஒட்டியிருந்தது. எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டதும் விட்டுக்கொடுத்தது. எங்கள் போர் தண்ணீரை அந்தப் பாய்லருக்குக் காட்டவே கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். அப்பா பைக் கழுவுவதற்காக ஏசி தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைப்பார். அதில் தினம் ஒரு பாட்டில் எனக்கு என்று ஒப்பந்தம் ஆனது.

அம்மா எஞ்சினின் மேல் மூடியைத் தட்டிப் பார்த்தாள்.

"பித்தளையாடி? குடு, புளி போட்டுத் தேச்சித் தரேன்."

"வேணாம்மா."

"ஏன், என் குத்துவெளக்கு இன்னா கருத்தா கெடக்குது?"

சாமி அறை விளக்கு அவள் பக்கம் நின்று பளபளத்தது. நான் பேச்சை மாற்றினேன்.

மாடிக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். தண்டவாளத்தை இணைத்தால் பத்தடிக்குப் பதினாறடி நீள்வட்டம். எஞ்சின் இறங்கும் பக்கம் தலைதெறிக்க ஓடி வளைவில் கவிழப் பார்க்கும். ஏறும் பக்கம் மூச்சு வாங்கி நின்றுவிடும். நான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, மாடி ஒரு பக்கமா எறங்குது."

"எறங்கணும். பத்தடிக்கு ஒரு இஞ்சு வாட்டம் குடுத்துப் போட்டது. எந்த மழைக்காவது இங்க தண்ணி நின்னுருக்குதா சொல்லு."

"நிக்கலப்பா. அதே மாதிரி எஞ்சினும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. மேல ஏறச் சொன்னாதான் நிக்குது."

"அப்ப உன் ரயில மாத்து. என் மாடிய இன்னாத்துக்குக் குறை சொல்ற?"

சொன்னாரே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூப் லெவலோடு அவர்தான் முதலில் மாடி ஏறினார். டியூப் லெவல் என்பது தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். மேஸ்திரிகள் அதை வைத்துத்தான் வீட்டுக்கு மட்டம் பார்ப்பார்கள். ஒரு முனையை அவர் பிடித்தார், இன்னொன்றை நான். மாடிக்குப் பதித்த ஓட்டில் மிஞ்சியவற்றை உடைத்து, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு அடிக்கு ஒன்று என்று அண்டை கொடுத்து உயர்த்தினோம். தண்ணீர் வெளியேறும் மூலையில் அடுக்கு இரண்டு விரற்கடைக்கு வந்தது. ஒவ்வொரு அண்டைக்கும் எண் போட்டு நோட்டில் உயரம் எழுதினேன். நாலு ஞாயிறு ஆனது. அதற்குள் அம்மாவின் பொறுமை தீர்ந்தது.

"தை பொறந்தா மொளகா காயணும். அப்புறம் வடாம், அப்புறம் கொழம்பு வடகம். மாடி பூரா ரயிலு வுட்டுக்கினா நான் எவன் தலைல காய வெக்கிறது?"

"ஓரமா எடம் இருக்கேம்மா."

"ஓடுற சாமானுக்கு எடம் குடுக்கலாம். ஓடாத சாமானுக்கு எதுக்குடி எடம்?"

அது நியாயம். அப்படித்தான் ஆறாவது எண்ணில் எழுதிய கெடு வந்தது. வீட்டில் வேறெங்கும் பத்துக்குப் பதினாறு கிடையாது. ஒரு முறை பிரித்தால் நாலு ஞாயிற்றின் மட்டமும் போய்விடும். பரண் ஏறிய சாமான் எங்கள் வீட்டில் திரும்பி இறங்கியதும் இல்லை.

மட்டம் பார்த்து முடித்தது பூஜைக்கு முந்தின நாள். சோதித்துப் பார்க்கலாம் என்றால் தூறல். ஆக, முழுச் சுற்றுக்கு முதல் முயற்சியே கடைசி முயற்சி.

ஆயுத பூஜை அன்று காலையில் எனக்குத் தொழிற்சாலையில் வேலை இருந்தது. அங்கேயும் பாய்லருக்குப் பூஜை உண்டு. எங்கே எங்கே சந்தனம் வைக்கலாம் என்று வருஷா வருஷம் நான்தான் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுப்பேன். அழுத்தமானியின் கண்ணாடி மேல் ஒரு முறை பொட்டு வைத்துவிட்டார்கள், அதிலிருந்து இந்த ஏற்பாடு. ஐந்து வட்டம் போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வீட்டு எஞ்சினுக்கு வட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குள் அம்மா எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். வாழையிலையில் அரிவாள்மணை, அப்பா சிமெண்டு பூசும் கரண்டி, டியூப் லெவல், என் ஸ்பேனர்கள், நடுவில் எஞ்சின். ஸ்பேனர்களை முந்தின நாளே நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன், பதினேழும். ஒன்றையாவது ஒளித்து வைத்திருக்கலாம். பட்டியல் போடுகிறவர்களுக்கு அந்தப் புத்தி வராது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. சாயங்காலம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அவை கிளம்பலாம். எஞ்சினும் வண்டிதான் என்று அவளே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

நாலரைக்கு அப்பாவின் பைக் பழத்தை நசுக்கியது. பிறகு எல்லோரும் மாடிக்கு வந்தோம். நான் ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றினேன், கெட்டி ஆயில் விட்டேன், டப்பாவிலிருந்து கேஸ் நிரப்பினேன், பற்ற வைத்தேன். வழக்கமாக வரும் உஸ் சத்தம் வரவில்லை. சோம்பேறித்தனமாக மஞ்சள் நெருப்பு ஆடியது. அழுத்த முள் அசையவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா தன் மாடிச் சுவர் மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, உங்க ரயிலும் லேட்டா?"

"சிக்னல் கெடைக்கலக்கா," என்றேன்.

"ஆனா வாசனையா வருதே. ஊதுவத்தி கொளுத்திக்கிறியா?"

எனக்கும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. சந்தனம் கருகும் வாசனை. கேஸை மூடினேன், ஆற விட்டேன், எஞ்சினின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். பர்னர் குழாயில் நாலு சின்னத் துளைகள் உண்டு. காற்று உள்ளே போகும் வழி. நாலிலும் சந்தனம் நிரப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தது.

"அம்மா, இங்கயுமா வெச்ச?"

"பள்ளம் பள்ளமா நாலு இருந்துச்சி. பொட்டு வெக்கத்தான் உட்டுக்கிறாங்கன்னு நெனச்சேன். நல்லா நிக்குமேன்னு அழுத்தி வெச்சேன்."

அப்பா திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

துளையைத் துடைத்தால் மட்டும் போதாது. அதற்குப் பின்னால்தான் ஜெட் இருக்கிறது, கேஸ் வெளியே வரும் முனை. அதன் துளை தலைமுடியைவிடச் சன்னம். ஈரச் சந்தனம் அங்கேயும் போயிருக்கும். கழற்ற வேண்டும். கழற்ற வேண்டிய ஸ்பேனர் கீழே, இலையில், பொட்டோடு இருந்தது. தென்கிழக்கில் மேகம் கட்டிக்கொண்டு வந்தது.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. "ஜெட்டக் கழட்டணும்," என்று மட்டும் சொன்னேன். அம்மா படி இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது முந்தானையில் பதினேழு ஸ்பேனரும் இருந்தன. எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் அள்ளி வந்திருந்தாள்.

"நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதேம்மா."

"சாமிகிட்ட சொல்லிட்டேன். அடச்சது நானு, எடுத்ததும் நானு. நீ கழட்டு, வெளிச்சம் போவுது."

அப்பா விடவில்லை. "சும்மா இருந்திருந்தா மாடி உனக்குத்தானே கெடச்சிருக்கும்?"

"என் சந்தனத்துல நான் கெலிச்சா அது கெலிப்பா?" என்றாள் அம்மா.

ஆறாவது ஸ்பேனர் பொருந்தியது. ஜெட்டுக்குள் ஊசி விடக் கூடாது, துளை பெரிதாகிவிடும். தண்ணீரில் அலசி, ஜெட்டைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் டப்பாவின் முனையை வைத்து எதிர்ப்பக்கமிருந்து ஊதினேன். ஒரு துளி மஞ்சளாகத் தெறித்தது. நாலு துளைகளையும் ஈரத் துணியால் எடுத்தேன். காய விட்டுப் பூட்டினேன். பற்ற வைத்தேன். உஸ் என்றது. நீலம்.

முள் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா சக்கரத்துக்கு அடியில் எதையோ வைத்தாள். தோட்டத்து மணத்தக்காளிப் பழம், கறுத்துக் கனிந்தது. எலுமிச்சம்பழத்தை இந்த எஞ்சின் நசுக்காது, எலுமிச்சம்பழம்தான் இதைக் கவிழ்க்கும் என்று அவளே யோசித்து அளவு பார்த்துப் பறித்து வந்திருந்தாள். நீராவியைத் திறந்தேன். பழம் நசுங்கியது. சாறு தண்டவாளத்தில் பரவியது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே விறுவிறுவென்று சுற்றின.

"ஓடுதுடி," என்றாள் அம்மா.

"வழுக்குதும்மா."

அப்பா தோளிலிருந்த துண்டால் தண்டவாளத்தைத் துடைத்தார். எஞ்சின் கிளம்பியது.

முதல் வளைவில் நிதானமாகத் திரும்பியது. தண்ணீர் வெளியேறும் மூலையில், அண்டைகள் உயரமாக இருக்கும் இடத்தில், நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். வழக்கமாக நிற்கும் இடத்தை அதே வேகத்தில் தாண்டியது. அப்பா தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, தான் வைத்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். பழம் நசுங்கிய கறையைத் தாண்டி வந்ததும் அம்மா சத்தமாக "ஒண்ணு," என்றாள். பிறகு யாரும் சொல்லாமலே எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்து மாடியிலிருந்து அக்காவும் சேர்ந்துகொண்டார். எட்டாவது சுற்றின்போது விழுப்புரம் பக்கமிருந்து நிஜ ரயில் வந்து ஹாரன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினாலு சுற்று வந்து, கேஸ் தீர்ந்து, எஞ்சின் தானாக மெல்ல நின்றது. ஒரு நிமிடம் கழித்து முதல் சொட்டு மழை விழுந்தது. சூடான பாய்லர் மேல் பட்டு அது சுர்ரென்றது.

மறுநாள் மறுபூஜையில் பதினேழு ஸ்பேனரும் திரும்ப இலைக்குப் போயின. ஆறாவதுக்கு மட்டும் அம்மா இரண்டு பொட்டு வைத்தாள்.

இப்போது நிலவரம் இது. தண்டவாளம் மாடியில் இருக்கிறது. வட்டத்தின் நடுவில் தை மாதம் முதல் மிளகாய் காய்கிறது, காயும் நாட்களில் எஞ்சின் ஓடாது, ஆயில் தெறிக்கும். மழை முடிந்ததும் இரண்டு அண்டைகள் இறங்கியிருந்தன, ஓட்டுத் துண்டு வைத்து ஏற்றினோம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாய்லரைக் காலி செய்து, ஆயில் கிண்ணத்தில் நீராவி குளிர்ந்து சேரும் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, துணி போர்த்தி மாடிப்படி அறையில் வைக்கிறேன். எஞ்சின் மேல் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டிருக்கிறது. அழிந்தால் அம்மாவே போட்டுவிடுகிறாள்.